புவெப்லோ மண்பானைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென்மேற்கே நியூ மெக்ஸிகோ பக்கம் போய்வந்தவர்களும், ஏதோ ஓர் அருங்காட்சியகத்தில் பளபளக்கும் கறுப்புப் பானையின் முன் நின்றுவிட்டு வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்கு முடியாது.

புவெப்லோ என்பது ஒரு பழங்குடியின் பெயரா?

இல்லை. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு ஊர் என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த ஸ்பானியர்கள், மண்ணாலும் கல்லாலும் அடுக்கடுக்காக வீடு கட்டி ஊராக வாழ்ந்த மக்களைக் கண்டு வைத்த பெயர். இன்று நியூ மெக்ஸிகோவில் 19 புவெப்லோக்கள் இருக்கின்றன, பல ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டி. அரிசோனாவில் ஹோப்பி மக்களின் ஊர்கள் உண்டு. ஒவ்வொரு புவெப்லோவும் தனி நிர்வாகம். டேவா, டீவா, டோவா, கெரெஸ், ஸூனி, ஹோப்பி என்று மொழிகளும் வேறு வேறு. எனவே 'புவெப்லோ பானை' என்று ஒரே வாயில் சொன்னாலும், தெரிந்தவர்கள் அடுத்து கேட்பது 'எந்த ஊர்?' என்றுதான். அதற்கடுத்த கேள்வி 'யார் வீட்டுப் பெண்?'

சக்கரம் இல்லாமலா இவ்வளவு உருண்டையாக வருகிறது?

ஆமாம். குயவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மண்ணைத் தூக்குவதைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு நம்புவது சிரமம்தான். அடிப்பாகத்தை 'பூக்கி' என்ற ஆழமில்லாத தட்டில் வைத்துத் தட்டி உருவாக்குவார்கள். அதன்மேல் மண்ணைக் கயிறாகத் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி, விரலால் அமுக்கிச் சேர்ப்பார்கள். பிறகு சுரைக்குடுக்கைத் துண்டால் உள்ளேயிருந்து இழைத்துக்கொண்டே வந்தால் வளையங்களின் தடம் மறைந்து பானைக்கு வயிறு வரும். தட்டோடு பானையைக் கையால் மெல்லத் திருப்பிக்கொள்வது மட்டுமே சுற்று. காய்ந்ததும் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துச் சமன்படுத்துவார்கள்.

அதற்கப்புறம்தான் கஷ்டமான கட்டம். காவிக் குழம்பை மெல்லிசாகப் பூசி, அது முழுக்கக் காய்வதற்குள் வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். ஒரே போக்கில், அழுத்தம் மாறாமல். அடுப்பில் பால் பொங்கினாலும் பொங்கட்டும் என்று உட்கார வேண்டியதுதான். ஒரு பக்கம் காய்ந்துவிட்டால் கல் கீறும். ஈரம் கூடினால் காவி உரிந்து கல்லோடு வந்துவிடும். அப்படி ஆனால் எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெரிய பானை என்றால் மணிக்கணக்கில் இதே வேலை.

நீங்கள் பார்க்கும் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு முழுக்கக் கல்லின் வேலை. மேலே வேறு பூச்சு எதுவும் கிடையாது. நல்ல மெருகுக் கல் ஒன்று பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று வரும். நகை மாதிரி பிரித்துக்கொள்கிற சொத்து. பல தலைமுறை தேய்த்ததில் கல்லின் ஒரு பக்கம் விரலுக்கு ஏற்ப வழுக்கியிருக்கும். கல் தொலைந்தால் வீட்டில் துக்கம் என்று சொல்வதில் மிகை இல்லை.

மண் எங்கே கிடைக்கிறது? கடையில் வாங்கினால் ஆகாதா?

வாங்கலாம், சிலர் வாங்குகிறார்கள். ஆனால் மரபு வழியில் செய்பவர்கள் தங்கள் ஊர் நிலத்திலிருந்தே எடுக்கிறார்கள். எந்த மேட்டில், எந்தப் படிவில் நல்ல மண் இருக்கிறது என்பது வீட்டுக்குள் கைமாறும் தகவல். வெளியாரிடம் இடத்தைச் சொல்ல மாட்டார்கள். மண்ணை ஒரு தாயாகவே நினைப்பதால், எடுக்கும் முன் வேண்டிக்கொண்டு சோளமாவு தூவுவது வழக்கம்.

எடுத்த மண்ணை ஊறவைத்து, சலித்து, கல் பொறுக்கி, அதில் ஒரு கலப்புச் சேர்க்க வேண்டும். வெறும் களிமண் காயும்போது சுருங்கி விரிசல் விடும். டேவா மொழி பேசும் ஊர்களில் எரிமலைச் சாம்பல் மணலைக் கலந்து காலால் மிதிப்பார்கள். ஆக்கோமா புவெப்லோவில் வேறு கணக்கு: பழைய பானையோடுகளைப் பொடித்துக் கலப்பார்கள். உடைந்த பானை அடுத்த பானைக்குள் போய்விடுகிறது. அந்த ஓட்டுக்குள்ளும் அதற்கு முந்தைய பானையின் பொடி இருக்கலாம்.

அந்தக் கறுப்பு என்ன சாயம்?

சாயமே இல்லை. சுடுவதற்கு முன் அது வெளிர் சிவப்புப் பானைதான். நிறம் மாறுவது நெருப்பில்.

வெட்டவெளியில், காற்று அடங்கிய நேரம் பார்த்து, இரும்புக் கம்பித் தட்டின்மேல் பானைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். சுற்றிலும் பழைய தகரத் துண்டுகளை நிறுத்தி, அடியில் சீடார் விறகும் மேலே காய்ந்த மாட்டுச்சாண வறட்டியும் அடுக்கி மூட்டுவார்கள். அப்படியே எரிய விட்டால் சிவப்புப் பானை கிடைக்கும். கறுப்பு வேண்டுமென்றால், சூடு உச்சத்தில் இருக்கும்போது பொடித்த குதிரைச் சாணத்தை அள்ளி அள்ளிக் கொட்டி நெருப்பை மூடிவிட வேண்டும். சுவாலை அமுங்கிப் புகை கனக்கும். உள்ளே காற்று போகாததால் காவியில் இருக்கும் சிவப்பு இரும்பு ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து கறுக்கிறது. புகைக்கரியும் மண்ணுக்குள் இறங்குகிறது. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கருப்பு-சிவப்பு மட்கலங்களில் காற்றுப் படாத பகுதி கறுத்திருப்பதும் இதே இரும்புக் கணக்குதான். அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று யாரும் போகவில்லை. நெருப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுபோல நடந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

சூளைச் சுவர் இல்லாததால் வெப்பம் ஏறக்குறைய 700 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். கூடினால் மெருகு போய்விடும். மண்ணில் ஈரமோ காற்றுக்குமிழியோ மிச்சமிருந்தால் பானை உள்ளேயே வெடிக்கும். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கொண்டுபோகும். இரண்டு மாத உழைப்பு ஒரு 'டப்' சத்தத்தில் முடிந்துவிடும்.

மரியா மார்ட்டினெஸ் என்ற பெயரே எல்லா இடத்திலும் வருகிறதே?

வராமல் இருக்காது. சான் இல்டெஃபோன்சோ புவெப்லோவில் 1887 வாக்கில் பிறந்தவர். தன் அத்தை நிக்கோலாசாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். 1880 வாக்கில் ரயில் வந்த பிறகு கடைகளில் தகரக் குடமும் பீங்கான் பூசிய பாத்திரமும் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தன. வீட்டுக்கென்று பானை செய்வது குறைந்து, பயணிகளுக்குச் சின்னச் சின்ன அழகுப் பொருள் செய்து விற்பது என்று தொழில் சுருங்கியிருந்த காலம் அது. அருகே அகழாய்வு செய்த எட்கர் லீ ஹெவெட், கிடைத்த பழைய ஓடுகளைப் போலவே பானை செய்ய முடியுமா என்று மரியாவைக் கேட்டார்.

மரியா வனைவார், கணவர் ஜூலியன் வரைவார். 1919 வாக்கில் ஜூலியன் கண்டுபிடித்ததுதான் கறுப்பின்மேல் கறுப்பு. முழுப் பானையையும் மரியா மெருகேற்றி முடித்த பிறகு, யூக்கா என்ற பாலைநிலச் செடியின் இலையைக் கடித்து நாராக்கிய தூரிகையால், மெருகில்லாத மண் குழம்பைத் தொட்டு ஜூலியன் வடிவம் போடுவார். சுட்டெடுத்தால் மெருகு பட்ட இடம் கண்ணாடியாகவும் வரைந்த இடம் மங்கலாகவும் நிற்கும். இரண்டும் ஒரே கறுப்பு. வெளிச்சத்தில் திருப்பினால்தான் வடிவம் தெரியும். கொம்புள்ள நீர்ப்பாம்பு அவான்யு, வட்டமாக விரியும் இறகுகள் இரண்டும் ஜூலியன் அடிக்கடி வரைந்தவை. இறகு வடிவத்தை அவர் எடுத்தது, அந்தப் பக்கம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த மிம்பிரேஸ் மக்களின் கிண்ணங்களிலிருந்து.

எனக்கு மரியாவிடம் பிடித்தது பானைகூட இல்லை. சந்தையில் கிராக்கி ஏறியபோது அந்த வித்தையை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் ஊருக்கே சொல்லிக்கொடுத்தார். சான் இல்டெஃபோன்சோவில் பல குடும்பங்கள் அதில் எழுந்தன. 1980இல் மறைந்தார்.

அப்படியானால் 'மரியா' என்று ஒப்பமிட்ட பானை எல்லாம் அவர் மட்டும் செய்ததா?

இங்கேதான் நம் பழக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். பானையில் பெயர் எழுதுவது புவெப்லோ வழக்கமே இல்லை. 1920களில் வாங்குபவர்கள் கேட்டதால் வந்தது. மரியாவின் ஒப்பம் அவ்வப்போது மாறும். ஜூலியன் பெயரோடு சேர்ந்து வரும். ஜூலியன் 1943இல் இறந்த பிறகு மருமகள் சந்தானாவின் பெயரோடு வரும். 1950களிலிருந்து மகன் போபோவி தாவின் பெயரோடு வரும். ஊர்ப் பெண்கள் தங்கள் பானையும் விலை போகட்டும் என்று கேட்டபோது அவற்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். சேகரிப்பாளர்களுக்கு இது தலைவலி. ஊர்க்காரர்களுக்கு இதில் விசேஷமாக ஒன்றுமில்லை. மண் எடுக்க ஒருவர், மெருகேற்ற ஒருவர், வரைய ஒருவர், சுட நான்கு பேர் என்று நடக்கிற வேலையில் ஒற்றைப் பெயர்தான் புதுசு.

குடும்ப மரபு என்கிறீர்களே, உண்மையில் கைமாறுவது என்ன? டிசைனா?

டிசைனும் உண்டு, ஆனால் அது மேல் படிவு. நம்பேயோ குடும்பத்தைப் பாருங்கள்.

நம்பேயோ 1860 வாக்கில், ஹோப்பி நிலத்தில் முதல் மேசா என்ற மேட்டிலுள்ள ஹானோவில் பிறந்தவர். அம்மா டேவா, அப்பா ஹோப்பி. ஸ்பானியர்களுக்கு எதிராக 1680இல் பெரும்பாலான புவெப்லோக்கள் சேர்ந்து கிளர்ந்தெழுந்தன. அதைத் தொடர்ந்த கலவர காலத்தில் ரியோ கிராண்டேயிலிருந்து ஹோப்பிகளிடம் வந்து குடியேறிய டேவாக்களின் ஊர் ஹானோ. அங்கே பிள்ளைகள் அம்மாவின் குலத்தைச் சேர்ந்தவர்கள். அருகே சிக்யாட்கி என்ற கைவிடப்பட்ட ஊரின் இடிபாட்டில் தேன்நிறத்தில் பழைய ஓடுகள் கிடக்கும். அகன்ற தோள், தட்டையான மேல்பரப்பு, பறவைச் சிறகு போல வளையும் கோடுகள். நம்பேயோ அவற்றை உன்னித்துப் பார்த்து, ஏற்ற மண்ணைத் தேடிப்பிடித்து, அந்த நடையில் தன் பானைகளைச் செய்தார். 1895இல் ஜெஸ்ஸி வால்ட்டர் ஃப்யூக்ஸ் அங்கே அகழாய்வு செய்தபோது நம்பேயோவின் கணவர் லேசு அதில் வேலை பார்த்தார். ஃப்யூக்ஸ் வந்துதான் நம்பேயோவுக்குக் கண் திறந்தது என்று நெடுநாள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த நடை அதற்கு முன்பே அவர் கையில் வந்துவிட்டிருந்தது.

பிற்காலத்தில் அவருக்குப் பார்வை போய்விட்டது. வனைவதை நிறுத்தவில்லை. விரலால் தடவி வயிற்றின் வளைவைச் சரிபார்ப்பார். மகள்கள் ஆன்னி, நெல்லி, ஃபேன்னி வரைவார்கள். கேட்ட கேள்விக்கு என் பதில் அந்தக் காட்சியில் இருக்கிறது. மண் எத்தனை இறுகினால் அடுத்த வளையம் தாங்கும், சுவர் எத்தனை மெலிந்தால் நிறுத்த வேண்டும் என்ற கைக்கணக்கு பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் வரும். கைமாறுவது அதுதான். நம்பேயோ 1942இல் மறைந்தார். கொள்ளுப்பேத்தி டெக்ஸ்ட்ரா குவாட்ஸ்குய்வா கொள்ளுப்பாட்டியின் வடிவங்களிலிருந்து வெகுதூரம் விலகிப்போனார். அவரையும் அந்த வரிசையில் வைத்துத்தான் பேசுகிறார்கள்.

ஊருக்கு ஊர் எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

சட்டென்று சொன்னால்: ஆக்கோமா என்றால் வெள்ளை மண் பூச்சு, முட்டையோடு போல மெல்லிய சுவர், தலைமுடி அளவுக் கோடுகள். ஆக்கோமாவின் லூசி லூயிஸ், மேரி சீனோ குடும்பங்கள் இதில் பெயர் பெற்றவை. சாண்டா கிளாரா என்றால் கனத்த சுவர், ஆழமாகச் செதுக்கிய கறுப்பு அல்லது சிவப்பு. அங்கே மார்கரெட் டஃபோயா, தன் அம்மா சாரா ஃபினாவைப் போலவே, இடுப்புயரத்தை நெருங்கும் சேமிப்புப் பானைகள் செய்தவர். அவர் பானைகளின் கழுத்தில் அழுத்தியிருக்கும் கரடிப் பாதம், வறட்சியில் ஒரு கரடி தண்ணீர் இருக்குமிடம் காட்டியது என்ற கதையிலிருந்து வந்தது. டாவோஸ், பிக்கூரிஸ் ஊர்களில் மண்ணிலேயே அபிரகம் மின்னும். அந்தப் பானைகள் சமையலுக்கும் ஆகும். அவற்றில் வேகும் பீன்ஸுக்குத் தனி ருசி என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு.

இன்று ஊர் விட்டு ஊர் கல்யாணம் சகஜம். பானையைப் பார்த்து மட்டும் ஊரைச் சொல்வது வரவர ஆபத்தான விளையாட்டு.

மடியெல்லாம் குழந்தைகள் ஏறி உட்கார்ந்த பொம்மை?

அது கதைசொல்லி. 1964இல் கொச்சிட்டி புவெப்லோவின் ஹெலன் கொர்டெரோ முதலில் செய்தார். தாயும் சேயுமாகப் பாடும் பொம்மை அங்கே முன்பே உண்டு. இவர் தாத்தா சந்தியாகோ கிண்டானாவை நினைத்து, வாய் திறந்து கதை சொல்லும் ஆண் உருவமாக மாற்றி, மேலே பேரப்பிள்ளைகளை ஏற்றிவிட்டார். கொஞ்ச காலத்தில் பல புவெப்லோக்களிலும் தொற்றிக்கொண்டது. ஆதிகால மரபு என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு வாங்குங்கள்.

ஆண்கள் செய்வதுண்டா?

தாராளமாக. முன்பு வனைவது பெண்கள் வேலை, வரைவதில் ஆண்கள் சேர்வார்கள். இன்று அந்தக் கோடு அழிந்துவிட்டது.

காமிக்ஸ் வரைந்த கிண்ணமும் காரும்கூடப் புவெப்லோ பானை மரபா?

இதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு: ஆம். டியாகோ ரொமெரோவின் கிண்ணங்களில் மிம்பிரேஸ் உருவங்கள் காமிக்ஸ் நாயகர்கள் போல வருகின்றன. கொச்சிட்டியின் விர்ஜில் ஓர்ட்டிஸ், அம்மா செஃபெரினாவிடம் கற்ற அதே ஊர் மண்ணில், 1680 கிளர்ச்சி 2180இல் மறுபடி நடந்தால் எப்படி இருக்கும் என்று வீரர்களைச் செய்கிறார். விண்வெளிப் படம் போல இருக்கும். 19ஆம் நூற்றாண்டிலேயே கொச்சிட்டிக்காரர்கள் ஊருக்கு வந்த வெளியாட்களையும் சர்க்கஸ்காரர்களையும் கேலிப் பொம்மையாகச் செய்தவர்கள் என்று தெரிந்தால் இது அத்தனை விசித்திரமாகத் தெரியாது.

சாண்டா கிளாராவின் ரோஸ் பி. சிம்ப்சன் இன்னும் ஒரு படி. அம்மா ரொக்ஸான் ஸ்வென்ட்செல் புகழ்பெற்ற மண் சிற்பி. மகள் 1985ஆம் ஆண்டு செவ்ரோலே எல் கமீனோ வண்டி ஒன்றை எடுத்து, உடலெங்கும் பளபளப்புக் கறுப்பின்மேல் மங்கல் கறுப்பாக வடிவம் போட்டு, 'மரியா' என்று பெயர் வைத்தார். பக்கத்து எஸ்பான்யோலா ஊரில் அலங்கரித்த வண்டிகள் ஒரு பண்பாடு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அச்சில் வார்த்த பானையில் பழைய இறகு வடிவத்தைப் பிசகாமல் வரைந்தால் பார்க்க மரபு போல இருக்கும். எனக்கு அதைவிட விர்ஜில் ஓர்ட்டிஸின் விண்வெளி வீரன் மரபுக்கு நெருக்கமானவன். அவன் மண்ணுக்கு ஊர் இருக்கிறது.

அச்சுப் பானையை எப்படித் தெரிந்துகொள்வது? வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

உள்ளே கை விட்டுத் தடவுங்கள். கையால் வனைந்ததில் லேசான மேடு பள்ளம் இருக்கும். அச்சில் வார்த்தது உள்ளும் வழவழவென்று, ஒரே கனத்தில் இருக்கும். சில நேரம் இரண்டு பாதி சேர்ந்த தையல் தெரியும். விரலால் சுண்டினால், மின்சூளையில் நன்கு வெந்தது கணீரென்னும். சாண நெருப்பில் சுட்டது மந்தமாக ஒலிக்கும். பிறகு வாய்விட்டே கேளுங்கள்: மண் எங்கே எடுத்தது, கையால் வனைந்ததா, எதில் சுட்டது? மின்சூளையில் சுடுவது குற்றமில்லை, ஆக்கோமாவில் பலர் சுடுகிறார்கள். மறைப்பதுதான் குற்றம்.

சட்டமும் இருக்கிறது. பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்றால், 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறைக்கே தனிநபருக்கு 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம்.

எங்கே பார்க்கலாம்?

1922இல் தொடங்கிய சாண்டா ஃபே இந்தியன் மார்க்கெட் ஆகஸ்டில் கூடும். செய்தவரே மேசைக்குப் பின்னால் நிற்பார், பக்கத்தில் பேத்தியும் தன் குட்டிப் பானையை வைத்திருக்கக்கூடும். 2022இல் சாண்டா ஃபேயில் தொடங்கி 2023இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு வந்த கண்காட்சி ஒன்றில், 60க்கும் மேற்பட்ட புவெப்லோ மக்களே பானைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் தாங்களே எழுதினார்கள். எந்த மண், எந்த நூற்றாண்டு என்று குறிப்பு எழுதி நிறுத்தாமல், பாட்டி வீட்டு வாசனை பற்றியும் எழுதினார்கள்.

ஊர்களுக்கும் போகலாம். ஆனால் அவை மக்கள் குடியிருக்கும் இடங்கள். சடங்கு நாட்களில் சில ஊர்களை வெளியாருக்கு மூடிவிடுவார்கள். படம் எடுக்கப் பல இடங்களில் அனுமதி வேண்டும், சில இடங்களில் அறவே கூடாது. ஆக்கோமாவின் மேட்டு ஊருக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும். ஒரு வடிவத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். எல்லாம் வெளியே சொல்வதற்கில்லை.

வாங்கியாயிற்று. தண்ணீர் ஊற்றிப் பூ வைக்கலாமா?

வேண்டாம். குறைந்த சூட்டில் சுட்டது, நீர் கசியும், மெருகு உரிந்துவிடும். கறுப்புப் பானையின் வெளிப்புறத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் தழும்பு நிற்கக்கூடும். மென்மையான காய்ந்த துணியால் தூசி தட்டினால் போதும். விளிம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒரு கை அடியில் இருக்கட்டும். பூ வைத்தே ஆக வேண்டுமென்றால் காகிதப் பூ.